திங்கள், வெள்ளி, மாலை ஐந்து மணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் 32 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். மகளுக்குப் பிரசவம் பார்க்க பாஸ்டன் வந்து நாலு மாதமாகிறது. கப்பலேறிப் போன குடும்பங்களைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதிய கட்டுரையை இங்கே இருந்துதான் படித்தேன். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் கவர்னராக இருந்த ஜான் வின்த்ராப் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களைச் சொல்லி, பிரிவைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதிய கணவர்கள் குறைவு என்று முடித்திருந்தீர்கள்.

அந்த வாரமே மருமகன் எங்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப்போனார். டிரெமாண்ட் தெருவில் பழைய கல்லறைத் தோட்டத்தில் வின்த்ராப்பின் கல்லறையைப் பார்த்தேன். அங்கிருந்து கொஞ்ச தூர நடையில் மாநில அரசு மாளிகை. அதன் முன்னால் ஆன் ஹட்சின்ஸன் என்ற அம்மாளின் சிலை, பக்கத்தில் ஒரு குழந்தையோடு. வேத விளக்கம் சொன்னதற்காக அந்த அம்மாளை ஊரைவிட்டே துரத்திய நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர் இதே வின்த்ராப்தான் என்று மருமகன் சொன்னார். எனக்கு என்னமோ போலாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவருடைய நாட்குறிப்பைத் தேடிப் படித்தேன். பெற்ற மகன் செத்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். பூர்வகுடி மக்களை அடிமையாகவும் வைத்திருந்திருக்கிறார். கையில் வேதாகமம், வாயில் சங்கீதம், செய்வது இது. எங்கள் சபையில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே பெயர்தான்: மாயக்காரர். நீங்கள் ஏன் அவரை அவ்வளவு தூக்கிவைத்தீர்கள்? அந்த மனைவி இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொண்டார்? அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா, இல்லை புருஷன் எழுதியதை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரியா?

தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

*

அன்புள்ள டீச்சர்,

தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையில் நான் கடிதக் கட்டை மட்டும் பிரித்துக் காட்டிவிட்டு நாட்குறிப்பை மூடியே வைத்துவிட்டேன். அது என் தவறு. ஆனால் மாயக்காரர் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இருப்பவர்தானே மாயக்காரர்? இவருக்கு உள்ளும் வெளியும் ஒன்றாகவே இருந்தது. எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

அந்த ஒரே வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். செத்தவன் ஹென்றி, இரண்டாவது மகன், வயது 22. வீட்டின் தறுதலைப் பிள்ளை என்று தாராளமாகச் சொல்லலாம். பத்தொன்பது வயதில் பார்படோஸ் போய்ப் புகையிலை பயிரிட்டான். அவன் அனுப்பிய சரக்கு காம்பும் கழிவுமாக, நிறங்கெட்டு இருந்தது என்று அப்பா எழுதிய கடிதம் இருக்கிறது. ஊர் திரும்பி, யாரையும் கேட்காமல், அத்தை மகளையே அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டான். 1630இல் அப்பாவோடு அமெரிக்கா கிளம்பினான். கப்பல் புறப்படக் காத்திருந்தபோது ஆடுமாடு பிடித்துவரக் கரைக்குப் போனான். காற்று மாறியது, கப்பல் போய்விட்டது. பின்னால் வந்த வேறொரு கப்பலில் ஏறி, ஜூலை தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் (நம் சேலம் இல்லை) வந்து சேர்ந்தான். வந்த கையோடு பூர்வகுடிகளின் குடிசைகளைப் பார்க்கக் கிளம்பினான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோணி நின்றது. அதை எடுத்துவர நீந்தினான். தசைப்பிடிப்பு வந்து நடு ஆற்றில் மூழ்கிப்போனான்.

நாட்குறிப்பில் நீங்கள் படித்தது: ‘என் மகன் ஹெ.வி. சேலத்தில் மூழ்கி இறந்தான்.’ பெயரைக்கூட முழுதாக எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள்: ‘என் மகன் ஹென்றி! என் மகன் ஹென்றி! ஐயோ, பாவம் பிள்ளை!’ என் மகனாகிய அப்சலோமே என்று தாவீது அழுதது டீச்சருக்கு நினைவு வரும். அவருக்கும் வந்திருக்கும். அந்த அழுகையோடு அழுகையாக, மருமகளை நினைத்தால் இன்னும் துக்கமாக இருக்கிறது என்கிறார். அவள் அப்போதுதான் பெற்ற பெண் குழந்தையோடு இங்கிலாந்தில் இருந்தாள்.

அந்த நாட்குறிப்பு நாம் நினைக்கிற டைரி இல்லை. கப்பலில் ஏறிய நாளிலிருந்து, ஒரு புது தேசத்தைக் கர்த்தர் எப்படி நடத்தினார் என்பதற்குச் சாட்சியாக எழுதிய பதிவேடு. பல இடங்களில் தன்னையே ‘கவர்னர்’ என்று மூன்றாம் மனிதராகத்தான் எழுதுவார். 29 வருடம் கூட வாழ்ந்த மனைவி மார்கரெட் 1647இல் கொள்ளைநோயில் இறந்தபோதும் ‘கவர்னரின் மனைவி இவ்வுலகை விட்டுச் சிறந்ததொரு உலகுக்குச் சென்றார்’ என்றுதான் எழுதினார். அதில் அழுகையைத் தேடினால் கிடைக்காது.

ஆளைக் கொஞ்சம் அறிமுகம் செய்துவிடுகிறேன், மற்ற வாசகர்களுக்காக. 1588இல் சஃபோக் பகுதியில் பிறந்தவர். தாத்தா துணி வியாபாரி. மடங்களை அரசு பிடுங்கி விற்ற காலத்தில் குரோட்டன் பண்ணையை வாங்கியவர். பேரன் வக்கீல். பதினேழு வயதில் முதல் கல்யாணம். ஆறு பிள்ளைகளைப் பெற்றபின் அந்த மனைவி இறந்தார். இரண்டாவது மனைவி ஒரு வருடம்தான் இருந்தார். மூன்றாவதுதான் மார்கரெட், 1618இல். முதல் சார்லஸ் மன்னர் 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார்; ஆங்கிலத் திருச்சபையை இன்னும் சுத்தப்படுத்த வேண்டும் என்ற, இவரும் சேர்ந்த, பியூரிட்டன்களுக்குச் சபைக்குள் மூச்சுவிட இடமில்லாமல் போனது; இவருக்கு லண்டனில் இருந்த உத்தியோகமும் போனது. குடியேற்றத்தை நடத்திய மாசசூசெட்ஸ் கம்பெனியின் சாசனப் பத்திரத்தையே பெட்டியில் வைத்துக்கொண்டு 1630 ஏப்ரலில் ‘ஆர்பெல்லா’ கப்பலில் கிளம்பினார். நாம் மலைமேல் இருக்கிற பட்டணமாக இருப்போம் என்ற அந்தப் பிரசங்கம் அந்தப் பயணத்துக்காக எழுதியதுதான். அதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதியாயிற்று. எனக்கு அதைவிட, அவர் மனைவிக்கு அனுப்பிய சாமான் பட்டியல்தான் பிடிக்கும்.

மார்கரெட் அப்போது நிறைமாதம், கூட வர முடியவில்லை. பிரியும்போது இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு திங்களும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு அவர் கடலில் இருந்தாலும் இவர் ஊரில் இருந்தாலும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்வது. உடலால் சந்திக்கும்வரை ஆவியால் சந்திப்பது. நான் கட்டுரையில் எழுதியது இதைத்தான். எழுதாமல் விட்டது அடுத்த பாதி. அங்கே போய்ச் சேர்ந்து செப்டம்பரில் எழுதிய கடிதத்தில், வேலை மும்முரத்தில் திங்களையும் வெள்ளியையும் அடிக்கடி மறந்துவிடுகிறேன் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர்மேல் பிரியம் கூடத்தான் செய்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவள் அங்கே ஐந்து மணிக்கு உட்கார்ந்திருந்திருப்பாள், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

அவர் மறந்ததற்கும் காரணம் இருந்தது. போய் இறங்கிய இடத்தில் சோறில்லை, நல்ல தண்ணீரில்லை. முதல் குளிர்காலத்துக்குள் ஏறக்குறைய இருநூறு பேர் செத்தார்கள். ‘என் குடும்பத்தில் பன்னிரண்டு பேரை இழந்துவிட்டேன்’ என்று நவம்பரில் எழுதுகிறார். குடும்பம் என்று அவர் சொல்வதில் வேலைக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் சேர்த்தி. ஒரே அடுப்பில் உண்டவர்கள் எல்லாரும் குடும்பம். எஞ்சியவர்கள் கிளிஞ்சலும் சிப்பியும் பொறுக்கித் தின்றார்கள். 1631 பிப்ரவரியில் ‘லயன்’ என்ற கப்பல் தானியத்தோடும் எலுமிச்சைச் சாற்றோடும் வந்துதான் ஸ்கர்வி நோய் அடங்கியது. வில்லியம் பியர்ஸ் என்பவர் அதன் கேப்டன். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இத்தனைக்கும் நடுவில் மனைவிக்கு எழுதுகிறார்: நல்ல கம்பளித் துணியாகப் போட்டுக்கொண்டு வா. முட்டையை உப்பிலோ அரைத்த மால்ட்டிலோ புதைத்து எடுத்துவா. வெண்ணெய், ஓட்ஸ் மாவு, பட்டாணி. பலமான பெரிய பெட்டி ஒன்றிரண்டு, நல்ல பூட்டாகப் போட்டு, கப்பலில் சுலபமாகக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல். அளவுக்கு ஒன்றாக இரண்டு மூன்று சட்டி, பெரிய வாணலி ஒன்று, புட்டிங் வேகவைக்க ஒரு பாத்திரம். மாலுமிகளுக்குக் கொடுக்கக் கொஞ்சம் ஒயின். மருந்துக்கு இன்ன வைத்தியரின் லேகியம் ஒரு பவுண்டு போதும். வெளிநாட்டில் இருந்துகொண்டு மனைவிக்கு விமானப் பயணம் சொல்லித்தருகிற எந்தக் கணவரும் இந்தக் குரலில்தான் பேசுவார்.

மார்கரெட் 1631 நவம்பரில் அதே ‘லயன்’ கப்பலில் வந்து இறங்கினார். ஊர் மொத்தமும் பன்றி, ஆட்டுக்குட்டி, மான்கறி, வாத்து, கவுதாரி என்று சுமந்து வந்து கொட்டியது. இப்படி ஒரு சந்தோஷத்தை நியூ இங்கிலாந்து கண்டதில்லை என்று நாட்குறிப்பு சொல்கிறது. அதே பதிவில்தான் இன்னொன்றும் இருக்கிறது. கப்பலில் இறந்தவை இரண்டே குழந்தைகள். அதில் ஒன்று அவருடைய ஒன்றரை வயது மகள் ஆன், கடலுக்கு வந்த ஒரு வாரத்தில். அவர் கிளம்பியபின் பிறந்த குழந்தை அது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மார்கரெட் எழுதியிருக்கிறார், நன்றாகவே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் இருந்தபோது கணவருக்கு எழுதிய ஒரு கடிதம்: உங்களை நேசிக்க எனக்குப் பல காரணங்கள், இரண்டை மட்டும் சொல்கிறேன், ஒன்று, நீங்கள் கடவுளை நேசிக்கிறீர்கள், இரண்டு, என்னை நேசிக்கிறீர்கள். இதை எழுதிவிட்டு, நான் போய் வீட்டு வேலையைப் பார்க்க வேண்டும், இவ்வளவு நேரம் அதை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மோசமான இல்லத்தரசி நான், ஆனாலும் உங்களோடு பேசக் கொஞ்சம் நேரத்தைக் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது என்று முடிக்கிறார். அந்தக் ‘கடன்’ என்ற சொல்லைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஹட்சின்ஸன் விவகாரம் ஊரை இரண்டாகப் பிளந்த 1637இல் அவர் எழுதிய குறிப்பு ஒன்றும் இருக்கிறது. தேதி போடும் இடத்தில் ‘துயர பாஸ்டன், 1637’ என்று போட்டிருக்கிறார். சோகமான நினைவுகள் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, விரட்ட முடியவில்லை, இந்தக் குழப்பங்களால் கர்த்தர் என்ன சொல்ல வருகிறார் என்று தெரியவில்லை என்கிறார். ஹட்சின்ஸன் வீடு இவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அந்த அம்மாள் ஊர்ப் பெண்களுக்குப் பேறுகாலம் பார்த்தவர். கவர்னரின் மனைவி எந்தப் பக்கம் என்று அந்தக் குறிப்பில் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. அதே நவம்பரில் விசாரணை நடந்த நியூடவுனிலிருந்து கணவர் அவருக்கு எழுதியதும் இருக்கிறது: இந்த வாரக் கடைசிவரை வர முடியாது, கழுத்துப்பட்டை ஒன்றிரண்டும் கைப்பட்டையும் அனுப்பு, காயவைத்துப் பொடித்த புகையிலை ஆறேழு இலை அனுப்பு. அந்த வேலையில்தான் இருந்தார். என்னை ஏன் நாடு கடத்துகிறீர்கள் என்று ஹட்சின்ஸன் கேட்டபோது, இனி பேசாதே, ஏன் என்று நீதிமன்றத்துக்குத் தெரியும், அதற்குத் திருப்தி என்று பதில் சொன்னவர் சலவை செய்த கழுத்துப்பட்டையோடுதான் உட்கார்ந்திருந்திருப்பார்.

இதில் நடிப்பு எங்கே இருக்கிறது? அவர் தன் கடவுளை முழுதாக நம்பினார். உலகத்தில் நடப்பது ஒவ்வொன்றும் கர்த்தர் எழுதி அனுப்பும் கடிதம், அது தன் விலாசத்துக்கே வருகிறது என்று நம்பினார். அவருடைய பலமும் அதுதான், கோளாறும் அதுதான்.

எலிக் கதை ஒன்று சொல்கிறேன். 1640இல் எழுதியது. அவருடைய மூத்த மகன் ஒரு அறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை வைத்திருந்தான், கூடவே தானியமும். புத்தகங்களில் ஒன்று, கிரேக்கப் புதிய ஏற்பாட்டையும் சங்கீதத்தையும் ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டியது. எலி ஜெபப் புத்தகத்தை மட்டும் ஒரு தாள் விடாமல் தின்றிருந்தது. மற்ற இரண்டையும் தொடவில்லை. பியூரிட்டன்களுக்கு அந்த ஜெபப் புத்தகம் ஆகாது. எலிக்கும் ஆகவில்லை என்று கவர்னர் கவனமாகக் குறித்து வைத்தார். (கர்த்தரின் கணக்கை இத்தனை நுணுக்கமாகப் பார்த்தவர் தன் கணக்கைப் பார்க்கவில்லை. அதே சமயத்தில் அவருடைய பண்ணைக் காரியஸ்தர் அவர் பெயரில் 2,000 பவுண்டுக்கு மேல் கடன் வாங்கி வைத்திருந்தார். நிலத்தை விற்றுத்தான் மீண்டார்.)

எலியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். 1645இல் எழுதிய ஒரு பதிவு உங்களுக்குக் கோபத்தை வரவழைக்கும். கனெக்டிகட் கவர்னர் ஹாப்கின்ஸ் தன் மனைவியை பாஸ்டனுக்குக் கூட்டிவந்தார். அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்திருந்தது. காரணம் என்ன என்று வின்த்ராப்புக்குத் தெரியும்: முழுநேரமும் படிப்பதிலும் எழுதுவதிலும் விழுந்து கிடந்தாள், பல புத்தகங்கள் எழுதினாள்; வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு, ஆண்களுக்கு உரியவற்றில் தலையிடாமல் இருந்திருந்தால் புத்தி நிலைத்திருக்கும். கணவர் அன்பானவர், மனம் நோகக்கூடாது என்று விட்டுவிட்டார், தவறு தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மார்கரெட் கடன் வாங்கிய நேரம் ஞாபகம் வருகிறதா? அந்தக் கடனைத் திருப்பிக் கட்டாதவளுக்கு என்ன ஆகும் என்று அவர் இங்கே எழுதிக் காட்டுகிறார். தன் மனைவியின் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்த அதே மனிதர்.

அந்தப் பெண்ணை வைத்தியத்துக்காக ‘ஏல் என்ற ஒரு வியாபாரி’யான அவளுடைய அண்ணன் வீட்டில் விட்டுப்போனார்கள் என்று பதிவு சொல்கிறது. பெயர் டேவிட் ஏல். அவருக்கு 1649இல், வின்த்ராப் இறந்த அதே வருடம், பாஸ்டனில் ஒரு மகன் பிறந்தான். மூன்று வயதில் இங்கிலாந்து போய், 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக நம் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு ஏல். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருடைய நாலு வயது மகனின் சமாதி இருக்கிறது; அவனுக்குத் தாத்தா பெயர்தான், டேவிட். அடுத்த முறை சென்னை போகும்போது பாருங்கள். எழுதி எழுதிப் புத்தி கெட்டதாகச் சொல்லப்பட்ட அந்த அத்தை 1698 வரை உயிரோடு இருந்தார். அவர் எழுதியதில் ஒரு தாளும் நம் கைக்கு வரவில்லை.

அப்புறம் அடிமை விஷயம். நீங்கள் சொன்னது சரி. தீவுப் பண்ணையை ஒரு மகனுக்கு எழுதிவைத்த உயில் ஒன்றில், அங்கே இருக்கும் ‘என் இந்தியர்கள்’ (பூர்வகுடிகளை அப்படித்தான் சொன்னார்கள்) என்று படகோடும் தட்டுமுட்டுச் சாமானோடும் சேர்த்து எழுதியிருக்கிறார். 1637இல் பீக்வாட் என்ற பூர்வகுடியினரோடு நடந்த போரில் பிடிபட்ட பெண்களையும் பிள்ளைகளையும் ஊர் ஊராகப் பங்கு வைத்தார்கள். பதினைந்து பையன்களையும் இரண்டு பெண்களையும் பெர்முடாவில் விற்க ஒரு கப்பலில் ஏற்றினார்கள். அது வழிமாறி பிராவிடென்ஸ் தீவில் போய் நின்றது. திரும்பும்போது பருத்தி, புகையிலை, கறுப்பின அடிமைகள் என்று ஏற்றிவந்ததை 1638 பிப்ரவரியில் வின்த்ராப் ஒரே வரிசையில் குறிக்கிறார். அந்தக் கப்பலின் கேப்டன் வில்லியம் பியர்ஸ். எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தவர், மார்கரெட்டைக் கொண்டுவந்து இறக்கியவர். வின்த்ராப்பின் மகன் சாமுவேல் பிற்பாடு ஆன்டிகுவா தீவில் அடிமைகளை வைத்தே பண்ணையாரானான்.

கடைசியாக இரண்டு பதிவுகள். 1633இல் பெரியம்மை வந்தது. பாஸ்டனைச் சுற்றி இருந்த பூர்வகுடி ஊர்கள் காலியாயின. சாமுவேல் மேவரிக் என்ற வெள்ளைக்காரர் குடும்பத்தோடு தினமும் போய்ப் பார்த்துக்கொண்டார். ஒரே நாளில் முப்பதுக்கும் மேல் பிணங்களைப் புதைத்தார். வின்த்ராப் இதையும் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் இங்கிலாந்தில் உள்ள நண்பருக்கு எழுதினார்: இவ்விடத்துக் குடிகள் அநேகமாக எல்லாரும் அம்மையில் செத்துவிட்டார்கள், நாம் வைத்திருக்கும் நிலத்தின் உரிமையைக் கர்த்தரே தெளிவாக்கிவிட்டார். வக்கீல் பேச்சு. நம் பத்திர ஆபீஸ் பாஷையில் சொன்னால், கர்த்தர் வில்லங்கம் தீர்த்துக் கொடுத்துவிட்டார்.

அப்படிச் செத்தவர்களில் ஒருவர் மிஸ்டிக் ஆற்றங்கரையில் இருந்த தலைவர், வெள்ளைக்காரர்கள் சாகமோர் ஜான் என்று கூப்பிட்டவர். அவருடைய வீட்டில் வின்த்ராப் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறார். 1631 அக்டோபர் 11, மார்கரெட் வந்து இறங்க மூன்று வாரம் இருந்தது. மிஸ்டிக் பண்ணை வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடித்து, ஓநாய் வந்தால் சுடலாம் என்று துப்பாக்கியோடு வெளியே நடந்தார். அரை மைல் போனதும் திடீரென்று இருட்டிவிட்டது, வழி தவறிவிட்டது. நடந்து நடந்து ஆளில்லாத ஒரு சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தார், சாகமோர் ஜானுடையது. எப்போதும் சட்டைப்பையில் தீத்திரியும் திசைகாட்டியும் வைத்திருப்பார், கோடையில் பாம்புக்கடிக்கு ஒரு பச்சிலையும். வீட்டருகே நெருப்பு மூட்டி, அங்கே கிடந்த பழைய பாய்களில் படுத்தார். தூக்கம் வரவில்லை. கொஞ்சம் நடப்பார், கொஞ்சம் சங்கீதம் பாடுவார், கொஞ்சம் விறகு பொறுக்குவார். விடியப்போகும் நேரத்தில் மழை பிடித்தது. மேலே போர்த்த எதுவும் இல்லை. நீளக் கம்பு ஒன்றை வைத்து ஏறி வீட்டுக்குள் போய்விட்டார்.

காலையில் பூர்வகுடிப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் கதவைத் திறப்பதற்குள் இவர் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டார். அவள் வெகுநேரம் அங்கேயே நின்று, உள்ளே வர முயன்று பார்த்தாள். கடைசியில் போய்விட்டாள். கவர்னர் பத்திரமாக வீடு திரும்பினார். வேலைக்காரர்கள் ராத்திரி முழுக்கத் துப்பாக்கி சுட்டும் கூவியும் தேடியிருக்கிறார்கள், இவர் காதில் விழவில்லை.

இவ்வளவையும் எழுதியவர் அவரேதான், டீச்சர். மறைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அது அவள் வீடா, அந்த வீட்டுக்காரர்களுக்கு வேண்டியவளா, எதற்காக வந்தாள் என்று மட்டும் எழுதவில்லை. அவள் கதவருகே நின்றபோது மழை விட்டிருந்ததா என்றும் எழுதவில்லை.

அன்புடன்.